தொட்டிலுக்கு வந்த கல்

வில்யாரா,
6 பிப்ரவரி 1955

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். நானும் ரெக்ஸும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? விடுதி மாடிப்படியை இன்னும் நீயேதான் துடைக்கிறாயா? நீ பதில் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நீ பயமுறுத்திய மாதிரி கட்டிலுக்கு அடியில் பாம்பு எதுவும் படுத்திருக்கவில்லை. தூசிதான் எல்லா இடத்திலும் படுத்திருக்கிறது. கதவு இடுக்கில் ஈரத்துணியைச் செருகி வைத்தாலும் சாயங்காலம் ரொட்டி நறநறக்கிறது. வீடு முழுக்கத் தகரம். வேலை மாறும் நேரத்தில் பூமிக்கு அடியில் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள். அலமாரியில் கோப்பைகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். முதல் நாள் நான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஐரிஸ் பென்ரோஸ் கேக் எடுத்துக்கொண்டு வந்தவர், அந்தக் கோலத்தில்தான் என்னை முதலில் பார்த்தார்.

"எந்திரி கண்ணு. வெடிக்கிறது நம்ம ஆளுங்கதான்" என்றார். கேக்கை மேசையில் வைத்த கையோடு, "ஆமா, நீ எங்க பொறந்தே?" என்று கேட்டார்.

"போர்ட் எலியட்ல. கடலோரம்."

"பரவால்ல விடு. அதுக்கு நீ என்ன பண்ணுவே, பாவம்."

இந்த ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன்னால் பிறந்த ஊரைக் கேட்கிறார்கள் அம்மா. இங்கே பிறந்தவனுக்குத்தான் சுரங்கத்துக்குள் வேலை. யூனியன் வைத்த சட்டம். வெளியே பிறந்தவன் காத்துக் கிடந்தாலும் மேலே கூட்டிப் பெருக்கும் வேலைதான் கிடைக்கும். ரெக்ஸ் இங்கே பிறந்து, இரண்டு வயதில் அவன் அம்மாவோடு கடற்கரைக்கு வந்தவன் இல்லையா? அது போதுமாம். பிறந்த ஊரைச் சொன்னதும் யூனியன் அலுவலக எழுத்தர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். காணாமல் போன ஆடு திரும்பி வந்த மாதிரி எல்லோரும் அவனைத் தடவிக் கொடுக்கிறார்கள்.

கடல் இல்லாத குறை ஒன்றுதான். மற்றபடி சுகம்.

அன்பு மகள்,
தெல்மா


போர்ட் எலியட்,
20 பிப்ரவரி 1955

அன்பு மகள் தெல்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. உறையைத் திறந்ததும் சிவப்புத் தூசி மேசையில் கொட்டியது. அதையும் நானேதான் துடைத்தேன். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் கடல் காற்றைக் குடித்து வளர்ந்த ஆள். படகை விற்றதும் திடீரென்று பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது பார். படகு போனால் இன்னொரு படகு கிடைக்காதா? ஸ்டேஷனில் அவரிடம் நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான். "இவளைத் திரும்பக் கூட்டிட்டு வராம என் வாசல்ல வந்து நிக்காதீங்க." அதை வாபஸ் வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

உனக்காக உப்புப் போட்டு உலர்த்திய மீன் அனுப்பியிருக்கிறேன். தபால் அலுவலகத்துப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முத்திரை குத்தினாள். அந்தக் கேக்கு அம்மாளுக்கும் கொஞ்சம் கொடு. கடலோரம் பிறந்தவர்கள் எப்படிப் பாவம் என்று சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தலைக்குத் தொப்பி இல்லாமல் போகாதே.

உன் அம்மா,
எடித் ஹாஸ்லம்


வில்யாரா,
3 ஏப்ரல் 1955

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம் என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் வாந்தி. ஆனால் அழவேண்டிய விஷயம் இல்லை அம்மா, சிரிக்கவேண்டிய விஷயம். அக்டோபரில் நீ பாட்டியாகிறாய்.

மீன் வாசனையால் வந்த வாந்தி என்றுதான் ஐரிஸ் முதலில் உன்மேல் பழி போட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அவர் மகன் கோலின்தான் ரெக்ஸோடு கீழே ஜோடியாக வேலை செய்கிறவன். இருபத்திரண்டு வயது. எப்போதும் ஏதாவது வாயாடிக்கொண்டே இருப்பான். என் துணிமூட்டையைக் கூடத் தூக்க விடமாட்டான். அன்றைக்கு மதுக்கடையில் ரெக்ஸை அவன்தான் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடினானாம். ரெக்ஸ் மேலேயிருந்தபடி, "என் புள்ள இங்கதான்டா பொறப்பான்!" என்று கத்தினானாம். சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

வெடிமருந்துப் பெட்டிப் பலகையை இழைத்து ரெக்ஸ் தொட்டில் செய்துவிட்டான். ஐரிஸ் அதில் ஒரு கல் கொண்டுவந்து வைத்தார். உள்ளங்கை அளவு, வெள்ளி மாதிரி மின்னும் ஈயக் கல். இங்கே அதுதான் வழக்கமாம். கோலின் தொட்டிலில் கிடந்த அதே கல். ஒரு வீட்டில் பையன் வளர்ந்து வேலைக்குப் போனதும், கல் அடுத்த தொட்டிலுக்குப் போகும். "இவன் எடம் இவனுக்குன்னு எழுதியாச்சு" என்று சொல்லி என் நெற்றியில் முத்தமிட்டார்.

அதனால் பிரசவம் இங்கேதான் அம்மா. நீ கேட்கும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
தெல்மா


போர்ட் எலியட்,
15 ஏப்ரல் 1955

என் தங்கத்துக்கு,

படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கஞ்சி அடிபிடித்துவிட்டது. விடுதியில் தங்கியிருப்பவர்கள் அன்றைக்கு முணுமுணுக்காமல் சாப்பிட்டார்கள்.

காலையில் எழுந்ததும் வறட்டு பிஸ்கட் ஒன்று சாப்பிட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் குடி. எனக்கு அதுதான் கேட்டது.

முதல் பிரசவத்துக்கு நீ இங்கே வருவாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டு இல்லை என்று வாங்கிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை. மாடியில் கடலைப் பார்த்த அறையை யாருக்கும் விடவில்லை என்பதை மட்டும் தகவலாகச் சொல்கிறேன். இந்தக் கோடையில் அந்த அறையை மூன்று பேர் கேட்டார்கள். ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டேன்.

கல்லைத் தொட்டிலில் வைப்பார்களாமே! குழந்தையின் தலையில் இடித்தால் என்ன ஆகும்? ஓரமாக எடுத்து வை.

உன் அம்மா


வில்யாரா,
12 ஜூன் 1955

அன்புள்ள அம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நான் நலம். குழந்தை நன்றாக உதைக்கிறது.

இங்கே குளிர் வந்துவிட்டது. குளித்த தண்ணீரை ஊற்றி ஊற்றியே எலுமிச்சைக் கன்று துளிர் விட்டிருக்கிறது.

ஐரிஸ் வீட்டில் துக்கம். கோலின் போன மாதம் இறந்துவிட்டான். ஊரே கடையடைத்தது. நான் தினமும் சூப் கொண்டுபோய் வைக்கிறேன், அவர் தினமும் கிண்ணத்தைக் கழுவித் திருப்பித் தருகிறார். குடிக்கிறாரா என்று தெரியவில்லை.

ரெக்ஸுக்குக் கையில் சின்னக் காயம், ஆறிவிட்டது. திரும்ப வேலைக்குப் போகிறான். முன்னைவிடக் கொஞ்சம் பேச்சுக் குறைவு, அவ்வளவுதான். நேற்று என்னவோ என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கி, அறுந்துபோன தோல் வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். பொழுது போகவில்லையாம்.

உன் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

தெல்மா


வில்யாரா,
19 ஜூன் 1955

மதிப்பிற்குரிய மிசஸ் ஹாஸ்லம் அவர்களுக்கு,

நலம்தானே? உங்களுக்குக் கடிதம் எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். இது தெல்மாவுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவளைப் பிரசவத்துக்கு அங்கே கூப்பிடுங்கள். கேட்காதீர்கள், உத்தரவு போடுங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், என்னைத் திட்டுங்கள், எதையாவது சொல்லி வரவழைத்துவிடுங்கள்.

கோலின் எப்படிப் போனான் என்று அவள் எழுதியிருக்க மாட்டாள். சாப்பாட்டு வேளையில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கம் தண்ணீர் சொட்டியது. "கர்ப்பக்காரி புருஷனுக்குச் சளி பிடிக்கக் கூடாது, இந்தப் பக்கம் வா" என்று கேலி செய்தபடி என் இடத்துக்கு அவன் மாறிக்கொண்டான். அப்புறம் சுரங்கத்தின் கூரை இடிந்து இறங்கியது. என் கை மட்டும் மாட்டிக்கொண்டது. அவனை வெளியே எடுத்தபோது அவன் அப்பாதான் தூக்கிக்கொண்டார், வேறு யாரையும் தொடவிடவில்லை. கோலின் பிறந்த அன்றே அவன் தாத்தா அவனை யூனியன் அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாராம். எல்லோருக்கும் அது பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் குழந்தை இங்கே பிறந்தால் அவன் இடம் அவனுக்கு. எங்கே போனாலும் அது கயிறு மாதிரி இழுத்துக்கொண்டு வந்துவிடும், என்னை இழுத்த மாதிரி. என் அப்பா இந்தத் தூசியைத் தின்றுதான் இருமி இருமிச் செத்தார். என்னைத் தூக்கிக்கொண்டு அம்மா ஏன் கடலைப் பார்த்து ஓடினாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. வெளியே பிறந்துவிட்டால் கீழே இறங்கு என்று யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள்.

இதை நானே தெல்மாவிடம் சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் நான் பயப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இப்போது நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தயவு செய்து.

தங்கள்,
ரெக்ஸ் பாஸ்கோ


போர்ட் எலியட்,
27 ஜூன் 1955

மிஸ்டர் பாஸ்கோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு முறைக்கு மேல் படித்தேன். அடுப்பில் போட்டுவிட்டேன், கவலை வேண்டாம்.

கூப்பிடுகிறேன். பிடிவாதக்காரக் கிழவி என்று உங்கள் ஊர் என்னைத் திட்டும். திட்டட்டும். நீங்களும் சேர்ந்து திட்டுங்கள், அப்போதுதான் நம்புவார்கள்.

கை உண்மையில் ஆறிவிட்டதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

எடித் ஹாஸ்லம்


போர்ட் எலியட்,
28 ஜூன் 1955

தெல்மா,

சுகம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை. என் முழங்கால் போய்விட்டது. மாடி ஏற முடியவில்லை. டாக்டர் தலையை ஆட்டுகிறார். பெற்ற ஒரே மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரமாட்டேன் என்று தூசிக்குள் உட்கார்ந்திருந்தால் ஊர் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? கல்லாவது மண்ணாவது! உன் வீட்டுக்காரருக்குப் பெருமை வேண்டுமென்றால் அவர் பெற்றுக்கொள்ளட்டும். ஆகஸ்டு முடிவதற்குள் நீ இங்கே இருக்க வேண்டும். இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

உன் அம்மா


வில்யாரா,
24 ஜூலை 1955

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் உன் கோபத்தைவிட நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம்கூட நீ தோட்டத்து வேலி ஏறி ஆட்டை விரட்டினாய் என்று தபால்காரர் மனைவி எனக்கு எழுதியிருக்கிறாள்.

உன் கடிதத்தை ரெக்ஸ் மதுக்கடையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினான். "கெழவிக்குக் கொழுப்பப் பாத்தியாடா!" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "போறதும் இருக்கறதும் உன் இஷ்டம் தெல்மா" என்று சொல்லிவிட்டுத் தொட்டிலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான்.

நான் வரமாட்டேன் அம்மா. ரெக்ஸிடம் படகு இல்லை, வீடு இல்லை. பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் இருப்பது இந்த ஒரு இடம்தான். தன் வாயால் வேண்டாம் என்று அவன் சொல்லும்வரை அதை நான் தட்டிப் பறிக்க முடியாது.

கோபப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

தெல்மா


போர்ட் எலியட்,
2 ஆகஸ்டு 1955

ரெக்ஸ்,

அவள் உங்களுக்காகப் பிடிவாதம் பிடிக்கிறாள், நீங்கள் அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் என் முழங்கால் கெட்டுப்போனதுதான் மிச்சம். நல்ல ஜோடி!

வியாழக்கிழமை ரயிலில் நானே வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், உங்களுடையது மட்டுமல்ல, என்னுடையதும்.

எடித்


போர்ட் எலியட்,
28 ஆகஸ்டு 1955

என் அன்பு ரெக்ஸுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் அம்மா ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை. கடலைப் பார்த்ததும் நான் அழுதேன். எலுமிச்சைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா? இரவு வேலை முடிந்து வந்து ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுத்துவிடாதே.

அம்மா வந்து கத்தியதால்தான் நான் கிளம்பினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. அம்மா மூன்று நாள் கத்தியும் நான் அசையவில்லை. நாலாம் நாள், நீ வேலைக்குப் போன பிறகு, ஐரிஸ் வந்தார். கோலின் போனதிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசல் மிதித்தது அதுதான் முதல் முறை. யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே உள்ளே போனார். தொட்டில்மேல் குனிந்தார். அப்புறம் கல்லை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐரிஸ், அது எங்களுக்குக் கொடுத்தது" என்றேன்.

"குடுத்தேன். இப்ப எடுத்துக்கறேன். போ கண்ணு. கடல்கிட்டப் போய்ப் பெத்துக்கோ. ஊர்ல எவனாவது கேட்டா ஐரிஸ் அனுப்பினான்னு சொல்லு. எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

அம்மா அவரை உட்காரச் சொன்னாள். மேசையில் இருந்த ஆறிப்போன சூப்பைச் சூடாக்கி அவர் முன்னால் வைத்தாள். ஐரிஸ் குடித்தார். எங்கள் அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. நான் மக்கு இல்லை ரெக்ஸ். ஜூனிலேயே டிரங்குப் பெட்டிக்கு வார் தைத்தாய். அம்மாவின் உத்தரவு ஜூலையில் வந்தது. யார் யாருக்கு எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீயே உன் வாயால் சொல்வாய் என்று தினமும் காத்திருந்தேன். நீ வேலைக்குக் கிளம்பும்போது நான் தூங்குவேன் என்றா நினைத்தாய்? கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காருவேன். கோலின் போன நாளிலிருந்து நீ திரும்பி வந்து கதவைத் திறக்கும்வரை நான் படுத்ததே இல்லை. நீ நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாம் இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறோம். போதும் ரெக்ஸ்.

உன்,
தெல்மா


வில்யாரா,
11 செப்டம்பர் 1955

என் தெல்மாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமா? எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். என்ன எழுதுவது என்று ஒரு வாரமாக உட்கார்ந்து எழுந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது தெல்மா. எழுதிவிட்டேன். ஒவ்வொரு நாளும் எங்களை ஏற்றிக்கொண்டு கூண்டு சுரங்கத்துக்குள் இறங்கும்போது பயமாக இருக்கிறது. கோலின் உட்கார்ந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்காமல் போகிறேன்.

ஆனால் இங்கே ஒரு வேலையாவது இருக்கிறது. அங்கே வந்து எந்த முகத்தோடு உன் அம்மாவின் வாசலில் நிற்பேன்?

உன்,
ரெக்ஸ்


போர்ட் எலியட்,
16 அக்டோபர் 1955

அன்பு மகன் ரெக்ஸுக்கு,

தாயும் சேயும் நலம். தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் சொல்ல இடம் போதாததை இங்கே எழுதுகிறேன். தெல்மா தூங்குகிறாள், இந்த முறை நிஜமாகவே தூங்குகிறாள், பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆமாம், பெண் குழந்தை. நாம் எல்லோரும் ஒரு பையனை நினைத்துக்கொண்டு இவ்வளவு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம். பெண்களை உங்கள் ஊர்ச் சுரங்கத்தில் விடுவதே இல்லையாமே! அங்கேயே பிறந்திருந்தாலும் இவளை யாரும் கீழே இறக்கியிருக்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் தெல்மா சிரித்துச் சிரித்து, தையல் வலிக்கிறது என்று அழுதாள். வீண் அலைச்சல் என்று மதுக்கடையில் சொல்வார்கள். சொல்லட்டும். இறங்காவிட்டால் என்ன? வெடிச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்காரும் பெண்ணாகத்தானே அங்கே வளர்ந்திருப்பாள். அது எந்த விதத்தில் குறைச்சல்?

ஐரிஸுக்கு நானே எழுதிவிட்டேன். குழந்தைக்குக் கோலின் பெயரிலிருந்து கோலெட் என்று வைக்கலாமா என்று தெல்மா கேட்டிருந்தாள். ஐரிஸின் பதில் இன்று காலையில் வந்தது. "வைங்க" என்று ஒரே வார்த்தை. உறைக்குள் தூசி நிறைய இருந்தது. நான் துடைக்கவில்லை.

இனி உன் விஷயம். தெல்மாவுக்கு நீ எழுதியதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். கோபப்படாதே, அவள் அழுதாள், அதனால் நானே கேட்டேன். பழைய படகுத்துறையில் மாலோயின் படகுக்கு ஆள் தேடுகிறார்கள். கூலி குறைவுதான். காலையில் படகு போவதும் சாயங்காலம் திரும்புவதும் என் சன்னலிலிருந்தே தெரியும். விசாரித்துவிட்டேன். இல்லை, விசாரிக்கவில்லை, பேசியே முடித்துவிட்டேன். என் குணம் உனக்குத்தான் தெரியுமே.

எந்த முகத்தோடு வாசலில் நிற்பது என்று கேட்டிருந்தாய். திரும்பக் கூட்டிக்கொண்டு வராமல் நிற்காதே என்றுதான் ஸ்டேஷனில் சொன்னேன். அனுப்பி வைத்தது நீதானே? என் கணக்கில் அது கூட்டிக்கொண்டு வந்ததுதான். தொட்டிலைப் பிரித்து ரயிலில் போட்டுவிடு, எலுமிச்சைக் கன்றை வேரோடு ஈரச் சாக்கில் கட்டிக்கொள், புறப்படு.

இந்த ஊரில் பெயர் பதிகிற எழுத்தர் குழந்தை பிறந்த ஊரைக் கேட்டார், போர்ட் எலியட் என்று சொன்னேன். தகப்பன் பிறந்த ஊரையும் கேட்டார். அதையும் சொன்னேன், எழுதிக்கொண்டார், முத்திரை குத்தினார், அவ்வளவுதான். யாரும் எழுந்து நின்று கை கொடுக்கவில்லை. இங்கே அது வெறும் ஊர்ப் பெயர் மகனே. நீ எங்கே பிறந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன்.

வந்து சேர்.

உன் அம்மா,
எடித்